எடை தூக்கும் பாரில் அடுத்த பிளேட்டை எப்போது போடுவது?

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருக்கு வயது 29. சிப்காட்டில் ஷிப்ட் வேலை. திருப்பாதிரிப்புலியூரில் உள்ள ஒரு ஜிம்முக்கு ஐந்து மாதமாக வாரம் மூன்று நாள் போய்வருகிறார். பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தூக்குவது) 35 கிலோவிலும் ஸ்குவாட் (பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவது) 50 கிலோவிலும் நிற்கின்றன. வாரம் ஒரு முறை எடையைக் கூட்டியே ஆக வேண்டும் என்கிறார் ஜிம் மாஸ்டர். கூட வரும் நண்பரோ, பதினைந்து தடவை அலட்டிக்கொள்ளாமல் தூக்க வரும் வரை கூட்டவே கூடாது என்கிறார். இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது, வீட்டிலேயே டம்பெல் எடுக்கத் தொடங்கியிருக்கும் 54 வயது அம்மாவுக்கும் அதே விதி பொருந்துமா என்று கேட்டிருக்கிறார்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்; ஓய்வெடுக்காமல் தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுதி ஒரு செட். ஒரு பயிற்சிக்கு எத்தனை ரெப் முதல் எத்தனை ரெப் வரை என்று ஓர் எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் எண்ணிக்கையை எல்லா செட்டிலும், அடுத்தடுத்து வரும் இரண்டு பயிற்சி நாட்களிலும், உடலின் நிலை குலையாமல் எட்டிவிட்டால், மூன்றாவது நாள் எடையைக் கூட்டலாம். கூட்டும் அளவு உங்கள் கைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய அளவாக இருக்கட்டும். இதில் வாரக் கணக்கும் இல்லை, பதினைந்து என்ற எண்ணுக்குத் தனி மகிமையும் இல்லை. ஆனால் "எட்டிவிட்டால்" என்று எதைச் சொல்கிறோம், "மிகச் சிறிய அளவு" நம் ஊர் ஜிம்களில் எவ்வளவு என்ற இரண்டிலும்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள் என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாரந்தோறும் கூட்டும் முறை தொடக்கத்தில் உண்மையாகவே வேலை செய்யும். ஜிம்களில் அது இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்குக் காரணமும் அதுவே. புதிதாகப் பயிற்சிக்கு வருபவரிடம் முதல் சில வாரங்களில் ஏறும் வலிமையில் பெரும்பங்கு தசை பெருப்பதால் வருவதல்ல, இருக்கிற தசையை முழுமையாகவும் ஒழுங்காகவும் இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. மோரிட்டானியும் டிவ்ரீஸும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. அந்தக் கற்றல் வேகமாக நடப்பதால் இரண்டு மாதத்துக்கு எடை தானாக ஏறுவதுபோல் தோன்றும். அதன் பிறகு ஏற்றம் தசை வளர்ச்சியை நம்பியிருக்கிறது. தசை வளர்ச்சி வாரக் கணக்குக்கு வசப்படுவதில்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம்: வாரம் 2.5 கிலோ வீதம் கூட்டினால் ஆண்டுக்கு 130 கிலோ. இன்று 35 கிலோ பெஞ்ச் பிரஸ் செய்யும் நீங்கள் அடுத்த ஆண்டு இதே நாளில் 165 கிலோவைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். மாஸ்டரும் அதை எதிர்பார்க்க மாட்டார். எலும்போடு தசையை இணைக்கும் தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே பாரத்துக்குப் பழகுகின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது நான்காவது மாதத்தில் முழங்கையிலும் தோள்பட்டையின் முன்பக்கத்திலும் வலி என்று வருகிறவர்களில் பலர், தசை தந்த தைரியத்தில் தசைநாணுக்கு நேரம் கொடுக்காமல் போனவர்களே.

நண்பர் சொல்லும் பதினைந்து ரெப்பால் ஆபத்து ஏதும் இல்லை. கடைசி ரெப்கள் போராட்டமாக இருக்கும்வரை, பதினைந்திலும் தசை வளரும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாரமான எடையைத் தூக்கும் திறமை பாரமான எடையைத் தூக்கிப் பழகினால்தான் கைவரும். எளிதான எடையில் ரெப்களை அடுக்கிக்கொண்டே போனால் தாக்குப்பிடிக்கும் திறன்தான் முதலில் ஏறும். ஸ்குவாட்டில் இது இன்னும் வெளிப்படை. பதினைந்தாவது ரெப்பில் நீங்கள் நிறுத்துவது பெரும்பாலும் தொடை ஓய்ந்ததால் அல்ல, மூச்சு வாங்குவதால். அதை வைத்துத் தொடைக்கு எடை போதுமா போதாதா என்று தீர்மானிக்க முடியாது. "அலட்டிக்கொள்ளாமல்" என்ற சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. அலட்டிக்கொள்ளாமல் பதினைந்து வருகிறதென்றால் எடையைக் கூட்ட வேண்டிய நாள் எப்போதோ கடந்துபோய்விட்டது.

எடையைக் கூட்ட ரெப் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கும் வழக்கம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டு முழங்கால் தளர்ந்துபோன படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், பாரமான எடைகளைக் கொண்டு தசை வலிமையை மீட்கும் முறையை 1945-இல் கட்டுரையாக வெளியிட்டார். பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவோ அதுவே அவருடைய அளவுகோல். 1948-இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாக வகுத்தார்: முதல் செட் அந்த எடையில் பாதி, அடுத்தது முக்கால், கடைசியில் முழு எடை. நோயாளியின் வலிமை ஏற ஏற அந்தப் பத்துத்தடவை எடையும் மீண்டும் அளந்து உயர்த்தப்பட்டது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2009-இல் வெளியிட்ட நிலைப்பாட்டறிக்கையும் இதே தடத்தில்தான் போகிறது: குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு ரெப் கூடுதலாகச் செய்ய முடிகிறபோது எடையை 2 முதல் 10 சதவீதம் வரை உயர்த்தலாம் என்கிறது. பயிற்றுநர் பாடநூல்களில் "இரண்டுக்கு இரண்டு" என்றொரு விதி உண்டு. கடைசி செட்டில் இலக்கைவிட இரண்டு ரெப் கூடுதலாக, அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடையைக் கூட்டு என்பது அது. நான் மேலே சொன்னது இவற்றின் சற்றே கண்டிப்பான வடிவம். கடைசி செட்டில் மட்டும் வீம்புக்காக இரண்டு ரெப் அதிகம் இழுத்துவிட்டு எடையைக் கூட்டும் ஆசை நம் இளைஞர்களிடம் பலமாக இருப்பதால், புதுச்சேரியில் பயிற்சி கொடுக்கும் நான் எல்லா செட்டையும் கணக்கில் எடுக்கிறேன்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் பெஞ்ச் பிரஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். எல்லை 8 முதல் 10 ரெப், மூன்று செட், எடை 35 கிலோ. முதல் நாள் நோட்டில் 9, 8, 7 என்று எழுதுகிறீர்கள். அடுத்த நாள் 10, 8, 8. பிறகு 10, 9, 8. அதன் பிறகு 10, 10, 9. ஒரு நாள் 10, 10, 10 வருகிறது. அன்று கை துருதுருக்கும். அடுத்த முறையும் 35 கிலோதான். மறுமுறையும் 10, 10, 10 வந்தால் அதற்கடுத்த நாள் 37.5 கிலோ. அன்று 8, 8, 7 என்று இறங்குவது இயல்பு. அங்கிருந்து மறுபடியும் பத்தை நோக்கி ஏற வேண்டும். 37.5 கிலோவில் முதல் செட்டே ஐந்தில் நின்றுபோனால், நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள் என்று பொருளில்லை, ஏறிய படி உயரமாகிவிட்டது என்று பொருள். இந்த நோட்டு இல்லாமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை. செல்போனில் குறித்தாலும் சரி, பத்து ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் குறித்தாலும் சரி. நினைவை நம்பினால் போன வாரம் ஒன்பது ரெப் செய்தவர் பத்து செய்ததாகத்தான் நினைவு வைத்திருப்பார்.

எடை மாறாத அந்த வாரங்கள் வீணான வாரங்கள் அல்ல. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையை மதிப்பிட எப்லி சூத்திரம் என்றொன்று உண்டு; ரெப் எண்ணிக்கையை முப்பதால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். அதன்படி 35 கிலோவில் 8 ரெப் செய்பவரின் உச்சம் ஏறத்தாழ 44 கிலோ. அதே 35 கிலோவில் 10 ரெப் செய்பவருக்கு ஏறத்தாழ 47 கிலோ. பாரில் ஒரு கிராம்கூடக் கூடாமலேயே வலிமை கூடியிருக்கிறது. இது மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எடை ஏறவில்லையே என்று புழுங்குபவர்கள் மாதம் ஒரு முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இனி ரெப் என்று எதை எண்ணுவது என்பதற்கு வருகிறேன். பெஞ்ச் பிரஸ்ஸின் எட்டாவது ஒன்பதாவது ரெப்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பார் மார்பிலிருந்து கிளம்பி ஒரு சாண் உயரத்தில் தயங்கும், வேகம் குறையும், முகம் சுளிக்கும். இவ்வளவும் சரியே, வேகம் குறையாத செட் போதாத செட். ஆனால் அதே இடத்தில் இடுப்பு பெஞ்சை விட்டு எழும்புகிறதா, ஒரு கை பிந்தி அந்தப் பக்கம் பார் சாய்கிறதா, ஊன்றியிருந்த பாதம் இடம் தேடுகிறதா, மார்பில் பார் மெல்லப் படுவதற்குப் பதில் மோதி எகிறுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று நடந்தாலும் அந்த ரெப்போடு எண்ணிக்கை முடிந்தது. ஸ்குவாட்டில் ஏமாற்று வேறு மாதிரி நடக்கும். முதல் ரெப்பில் தொடை தரைக்கு இணையாக இறங்கியவர், எட்டாவது ரெப்பில் நான்கு விரற்கடை மேலேயே திரும்பிவிடுவார். எழும்போது இடுப்பு முதலில் உயர்ந்து மார்பு பின்தங்கும். முழங்கால்கள் உள்நோக்கி வளையும். இதைத் தூக்குபவரால் உணர முடியாது. செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக் கடைசி செட்டை மட்டும் படம் எடுத்துப் பார்த்தால், கூட்டலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஸ்பாட் கொடுப்பவரை, அதாவது தூக்கும்போது பாரைப் பிடிக்கத் துணைக்கு நிற்பவரை, பற்றி ஒரு வார்த்தை. "ஒண்ணுமில்ல, உன் பவர்தான், உன் பவர்தான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் பாரைத் தூக்கிவிடும் நண்பர் எல்லா ஜிம்மிலும் இருக்கிறார். அவர் பாதுகாப்புக்குத் தேவை. அவர் விரல் பட்ட ரெப் மட்டும் நோட்டில் ஏறக் கூடாது. எடையைக் கூட்டிய பிறகு நின்றுபோகிறவர்களின் கதையை விசாரித்தால், பழைய எடையில் வந்த 10, 10, 10-இல் இரண்டு மூன்று ரெப் அந்த விரல்களுடையதாக இருக்கும்.

இன்னும் எத்தனை ரெப் மிச்சம் இருந்தது என்று தன்னைத்தானே கேட்டு முடிவெடுக்கும் முறையும் உண்டு. செட்டை நிறுத்தும்போது ஒன்று முதல் மூன்று ரெப் வரை கையிருப்பாக இருந்தால் எடை சரி, நான்கு ஐந்து இருந்தால் கூட்டலாம் என்பது அதன் சாரம். அனுபவசாலிகளுக்கு இது நுட்பமான கருவி. புதியவர்கள் இதில் நம்ப முடியாதபடி தவறுகிறார்கள்; இரண்டுதான் மிச்சம் என்று நிறுத்தியவரை மாஸ்டர் ஓர் அதட்டல் போட்டால் இன்னும் ஐந்து செய்வார். ஐந்து மாதம் ஆன உங்களுக்கு இப்போதைக்கு எண்ணிக்கையே போதும். விரும்பினால் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் போன்ற ஆபத்தில்லாத மெஷினில் எப்போதாவது ஒரு செட்டை முடியாமல் போகும்வரை செய்து, உங்கள் ஊகம் எவ்வளவு சரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய ஸ்குவாட்டில் அந்தச் சோதனை வேண்டாம்.

மறுநாள் வலிப்பதையும் வலிக்காமல் இருப்பதையும் வைத்து எடையைத் தீர்மானிப்பவர்களும் பலர். அந்தத் தசைவலி பழகாத வேலை செய்ததைக் காட்டுவது; ஒன்றிரண்டு நாளில் உச்சமடைந்து பிறகு தணியும். அது இல்லாததால் எடை போதவில்லை என்றும், இருப்பதால் பயிற்சி பலித்தது என்றும் சொல்ல முடியாது. வியர்வையும் அப்படித்தான், மே மாதம் கடலூரில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வியர்க்கும்.

இரண்டு நாள் தொடர்ந்து வர வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம், ஒரு நாளின் எண்ணிக்கை பல விஷயங்களால் ஏறி இறங்கும் என்பதே. நைட் ஷிப்ட் முடித்துச் சரியாகத் தூங்காமல் வந்த நாளில் இரண்டு ரெப் குறைந்தால் அது உங்கள் வலிமையைப் பற்றிய செய்தி அல்ல, தூக்கத்தைப் பற்றிய செய்தி. தகரக் கூரை ஜிம்மில் அக்கினி நட்சத்திர மாலையில் குறைவதும் அப்படியே. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் உள்ளங்கை வழுக்கி, தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்ட் நின்றுபோவதுண்டு. முதுகும் காலும் தயாராக இருக்க, பிடி மட்டும் தோற்கும். அதற்குத் துண்டும் கையில் தடவும் சாக் பொடியும் தீர்வு, எடையைக் குறைப்பது அல்ல. இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கணக்கைக் கெடுப்பது செட்டுக்கு இடையிலான ஓய்வு. மாலை ஆறரைக்கு ஒரே பெஞ்சுக்கு நான்கு பேர் காத்திருக்கும்போது உங்கள் ஓய்வு எட்டு நிமிடமாக நீண்டு மூன்று செட்டிலும் பத்து வந்திருக்கும். காலை ஷிப்ட் வாரத்தில் மதியம் ஆளில்லாத ஜிம்மில் ஒன்றரை நிமிட ஓய்வோடு செய்தால் 10, 8, 7 வரும். இவை இரண்டும் ஒப்பிடக்கூடிய எண்களே அல்ல. பெரிய பயிற்சிகளுக்கு இரண்டு முதல் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டு செல்போன் கடிகாரத்தில் அளந்தால்தான் நோட்டு உண்மை பேசும்.

அடுத்தது அளவு. உங்கள் ஜிம்மில் பார் 20 கிலோ, 2.5 கிலோ பிளேட்தான் இருப்பதில் சிறியது என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து நீங்கள் கூட்டக்கூடிய குறைந்தபட்ச எடை 5 கிலோ. 35-லிருந்து 40 கிலோ என்பது 14 சதவீத ஏற்றம். மேலே சொன்ன 2 முதல் 10 சதவீதத்துக்கு வெளியே போய்விட்டது. ஸ்குவாட்டில் அதே 5 கிலோ, 50-லிருந்து 55 என்பதால், 10 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஒரே மனிதருக்கு ஸ்குவாட் ஏறிக்கொண்டிருக்க, பெஞ்ச் பிரஸ்ஸும், தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ்ஸும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பதன் ரகசியம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். டம்பெல்லில் நிலைமை இன்னும் மோசம். 10 கிலோவுக்கு அடுத்து 12.5 என்றால் ஒவ்வொரு கைக்கும் 25 சதவீதம் ஒரே நாளில் ஏறுகிறது. யாராலும் அது முடியாமல்தான் போகும். முடியாதபோது உடலை வளைத்து, ஆட்டி, எறிந்து தூக்குவார்கள்.

பளுதூக்கும் போட்டிகளில்கூட 2005 வரை எடையை 2.5 கிலோவின் மடங்குகளில்தான் கூட்ட முடியும் என்றிருந்தது. பிறகு அது 1 கிலோவாகக் குறைக்கப்பட்டது. வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது தூக்கியவை ஸ்நாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 179 கிலோ. அந்த உயரத்தில் இருப்பவருக்கே ஒரு கிலோ என்பது பொருட்படுத்த வேண்டிய அளவு என்றால், 35 கிலோவில் இருப்பவர் ஐந்தைந்தாகத் தாவ வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

எனவே 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கி வைக்கும்படி ஜிம் உரிமையாளரிடம் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், விலை பெரிதல்ல. அரைக் கிலோ பிளேட் கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் சொல்லி இரும்புத் தகட்டில் வட்டமாக வெட்டித் துளையிட்டு வாங்கலாம். தராசில் நிறுத்து வாங்குங்கள். கணுக்காலில் கட்டும் மணல் பட்டைகளை டம்பெல்லின் நடுப்பிடிக்கு இரு புறமும் இறுக்கிச் சுற்றினாலும் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கூட்ட முடியும். வார்ப்பிரும்பு பிளேட்டுகளில் பொறித்த எடைக்கும் உண்மை எடைக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது சகஜம் என்பதால், முடிந்தவரை ஒரே பிளேட்டுகளையும் ஒரே பாரையும் பயன்படுத்துங்கள். மெல்லிய ராடுகள் 20 கிலோ இருக்காது. ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

சிறிய பிளேட்டுக்கு வழியே இல்லையென்றால் ரெப் எல்லையை அகலப்படுத்துவதுதான் மாற்று. 10 கிலோ டம்பெல்லில் 8 முதல் 10 என்பதற்குப் பதில் 8 முதல் 14 வரை போய், பதினான்கு மூன்று செட்டிலும் வந்த பிறகு 12.5 கிலோவுக்கு மாறினால் அங்கே எட்டை ஒட்டித் தொடங்க வாய்ப்பு உண்டு. உங்கள் நண்பரின் பதினைந்துக்கு உரிய இடம் இதுதான். அவர் அதை எல்லாவற்றுக்குமான சட்டமாக்கிவிட்டார். எடையைத் தொடாமல் கடினத்தைக் கூட்டும் வழிகளும் உண்டு. பாரை மார்பில் ஒரு நொடி நிறுத்தித் தூக்கலாம். இறக்கும்போது மூன்று வரை எண்ணி இறக்கலாம். ஸ்குவாட்டில் இன்னும் ஆழமாக இறங்கலாம். நம் ஊர்களின் இளவட்டக்கல் முழுக்க முழுக்க இந்த வகைதான். கல்லின் எடை என்றைக்கும் மாறாது. முழங்கால் வரை தூக்கியவன் மார்பு வரைக்கும், பிறகு தோளுக்கும், கடைசியில் தோளுக்குப் பின்னால் எறியும் நிலைக்கும் ஏறுவான். கரலாக்கட்டை சுற்றுபவர்களும் சுற்றின் எண்ணிக்கையும் லாவகமும் தேறிய பிறகே அடுத்த பருமனுக்குக் கை நீட்டுவார்கள்.

ஒரே எடையில் அடுத்தடுத்து மூன்று நாள் ஒரு ரெப்கூட ஏறாவிட்டால், தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தும் அப்படி என்றால், எடையைப் பத்து சதவீதம் குறைத்து ஒன்றிரண்டு வாரம் சுத்தமான ரெப்களாகச் செய்து மீண்டும் ஏறிவருவது வழக்கமான வைத்தியம். சாப்பாட்டில் முதலில் புரதத்தைப் பாருங்கள். வலிமைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் கிடைத்தால் தசை வளர்ச்சிக்குப் பெரும்பாலும் போதும் என்பது 2018-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வின் முடிவு. 65 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 104 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். மூன்று வேளையும் சோறும் சாம்பாரும் மட்டும் என்றால் அந்தக் கணக்கு எட்டாது. கடலூரில் மீனுக்கா பஞ்சம். சைவர்கள் சுண்டல், பயறு, தயிர், பன்னீர், சோயா என்று திட்டமிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

மழைக்கால இடைவெளிக்கும் இதையே பொருத்திக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது போல ஜிம் பூட்டிக்கிடக்க நேர்ந்தால், இரண்டு மூன்று வார ஓய்வில் வலிமை அதிகம் கரைந்துவிடாது. ஆனாலும் விட்ட எடையிலேயே தொடங்காமல் பத்து, பதினைந்து சதவீதம் குறைவாகத் தொடங்கினால் இரண்டொரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

எப்போது கூட்டக் கூடாது என்பதில் சமரசம் இல்லாத இடம் ஒன்று உண்டு. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலி, கையிலோ காலிலோ இறங்கும் மரமரப்பு, தூக்கும்போது தலைசுற்றல் அல்லது மார்பு இறுக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும், நோட்டு என்ன சொன்னாலும் எடை கூடக் கூடாது. அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும், மார்பு இறுக்கமாக இருந்தால் அன்றே.

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். விதி அதேதான், படி மட்டும் இன்னும் சிறியது. பொதுவாகப் பெண்களிடம் நான் பார்க்கும் பிழை இளைஞர்களுடையதற்கு நேர் எதிரானது. இரண்டு கிலோ டம்பெல்லை எடுத்தால் வருடம் முழுக்க அதே இரண்டு கிலோவோடு நின்றுவிடுகிறார்கள், பாரம் தூக்கினால் உடம்பு கெட்டுவிடும் என்ற பேச்சுக்குப் பயந்து. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை எட்டு மாதம் வாரம் இரு நாள் நேரடிக் கண்காணிப்பில் நல்ல பாரத்தோடு பயிற்சி செய்ய வைத்த ஆஸ்திரேலிய ஆய்வு 2018-இல் வெளியானது. அவர்களுடைய இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எலும்பு அடர்த்தி மேம்பட்டது. ஆகவே அவருக்கும் எடை கூட வேண்டும். கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் செய்கிறார் என்பதால் 10 முதல் 15 ரெப் என்று எல்லையை வைத்து, மூன்று ரெப் கையிருப்பாக இருக்கும்போதே செட்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கிலோ டம்பெல்லிலிருந்து இரண்டு கிலோவுக்குப் போவது நூறு சதவீத ஏற்றம் என்பதை மறக்க வேண்டாம். அதற்குப் பதில் ஒரு மஞ்சள் பையில் தண்ணீர் பாட்டிலைப் போட்டுக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அதில் கால் லிட்டர் கூட்டினால் கால் கிலோ. எந்த ஜிம்மிலும் இவ்வளவு நுணுக்கமான ஏற்றம் கிடைக்காது. கால்களுக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் தொடங்கி, பதினைந்து மூன்று செட்டும் இரண்டு நாள் தொடர்ந்து வந்த பிறகு அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழச் செய்யுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும் என்பதால் எழும்போது மூச்சை வெளியே விடப் பழக்குங்கள்; அவர் ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், முதல் பாட்டிலைப் பையில் போடும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு: பெஞ்ச் பிரஸ்ஸை 35 கிலோவிலேயே வைத்து, ஸ்பாட் இல்லாமல், அளந்த ஓய்வோடு வரும் எண்களை எழுதத் தொடங்குங்கள். ஸ்குவாட்டை முதலில் பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள். ஆழம் கடைசி ரெப் வரை மாறாமல் இருந்து இரண்டு நாள் 10, 10, 10 வந்தால் 52.5 கிலோ, 1.25 பிளேட் இன்னும் வாங்கவில்லை என்றால் 55. ஐந்து மாதப் பயிற்சிக்காரருக்கு 50 கிலோ ஸ்குவாட் பெரும்பாலும் குறைவுதான், அதில் மாஸ்டர் சொல்வதில் உண்மை இருக்கலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் அவர் அவசரப்படுகிறார்.